சார்ஜ் ஏறுதுங்க, கம்ப்யூட்டர் மட்டும் கண்டுக்க மாட்டேங்குது

"சார்ஜ் ஏறுதுங்க. பாட்டும் பாடுதுங்க. கம்ப்யூட்டர்ல சொருகினா மட்டும் ஒண்ணும் வர மாட்டேங்குதுங்க."

எம்பி3 பிளேயரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கோவையானாலும் ஈரோடானாலும் ஏறத்தாழ இதைத்தான் சொல்வார்கள். இதில் முதல் வாக்கியம்தான் ஆளைக் கவிழ்ப்பது. சார்ஜ் ஏறுகிறதே, அப்புறம் வயரில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று முடிவுகட்டிவிட்டு டிரைவர் (சாதனத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) தேடுவது, விண்டோஸையே மாற்றிப் போடுவது, கடைசியில் பிளேயரை ஃபார்மேட் செய்து உள்ளே இருந்த பாட்டையும் தொலைப்பது என்று வேலை நீண்டுகொண்டே போகும். ஃபார்மேட் என்ற சொல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது கடைசிக் கதவு. பல சமயம் அந்தக் கதவு வரை போகவே தேவையிருக்காது.

முதலில் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டு பிளேயரைச் சொருகிப் பாருங்கள். விண்டோஸ் இந்த இடத்தில் பெரிய உதவி செய்கிறது. ஏறுமுகமாக இரண்டு சுரம் கேட்டால் பிளேயரும் கம்ப்யூட்டரும் பேச ஆரம்பித்துவிட்டன. டிரைவ் தெரியவில்லை என்றால் கோளாறு அதற்கு மேலே, மென்பொருள் பக்கம். தட்டித் தட்டி மூன்று சுரம் வந்து, ஓரத்தில் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று எட்டிப் பார்த்தால் பேச முயன்று பாதியில் அறுந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால், பிளேயர் வந்து நிற்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சத்தமும் வந்து, டிரைவும் வந்து, திறந்தால் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்டால் வயர், டிரைவர் எல்லாம் சரி, எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம்தான் உள்ளே கிழிந்திருக்கிறது. இந்த நான்குக்கும் ஒரே பெயர்தான் நம் ஊரில்: "கண்டுக்க மாட்டேங்குது". ஆனால் வைத்தியம் நான்கும் வேறு.

வயர்

யூஎஸ்பி 2.0 வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே நாலு கம்பி. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். மலிவு வயர்களில் நிறம் மாறியிருக்கலாம், வேலை மாறாது. சார்ஜ் ஏற சிவப்பும் கறுப்பும் போதும். பாட்டு ஏற பச்சையும் வெள்ளையும் வேண்டும். ஹெட்செட், டார்ச், ட்ரிம்மர் போன்றவற்றோடு பெட்டியில் வரும் குட்டை வயர்கள் பலவற்றில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே ஓடும். வீட்டு டிராயரில் எல்லா வயரும் ஒட்டுக்காக் கிடக்க, கைக்கு வந்ததை எடுத்துச் சொருகினால் நாள் பூராவும் சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது.

கம்ப்யூட்டரில் சொருகும் பெரிய முனையின் உள்ளே எட்டிப் பாருங்கள். நாலு பொன்னிறப் பட்டை இருக்க வேண்டும். ஓரத்து இரண்டும் சற்று நீளம், அவை கரண்டுக்கு; நடுவில் இரண்டு குட்டை, அவை டேட்டாவுக்கு. கரண்டு முதலில் சேர்ந்து டேட்டா பின்னால் சேர வேண்டும் என்பதற்காகவே அப்படி நீளத்தை வைத்திருக்கிறார்கள். நடுவில் பட்டையே இல்லை என்றால் அந்த வயரை சார்ஜருக்கே விட்டுவிடுங்கள். நாலும் இருந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம். பட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள எளிய வழி: அதே வயரில் அதே முனை உள்ள ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' போட்டு ஒரு போட்டோவைத் திறந்து பாருங்கள். திறந்தால் வயர் தேறியது. மல்டிமீட்டர் உள்ளவர்கள் கன்டினியூட்டியில் (கம்பி அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே நாலையும் பார்க்கலாம். சின்ன முனைக்குள் மீட்டரின் புரோப் நுழையாது. புரோப் நுனியில் தையல் ஊசியைச் சேர்த்துப் பிடித்தால் நுழையும். பார்க்கும்போது வயரை முனைக்குப் பக்கத்தில் மடக்கி மடக்கிப் பாருங்கள். அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் பாதி ரோசனை மிச்சம். பிளேயர் தான் வந்திருப்பதை டி பிளஸ் கம்பியை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துத்தான் கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்ததும், யார் நீ, எந்தக் கம்பெனி, என்ன வகை என்று விவரக் குறிப்பைக் கேட்கிறது. டி பிளஸ் அறுந்தால் வந்ததே தெரியாது. அதனால்தான் சத்தமே இல்லை. டி மைனஸ் மட்டும் அறுந்தால் வந்தது தெரியும், கேள்விக்குப் பதில் ஒழுங்காக வராது. விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றும் கோடு 43 என்றும் வருவதன் பொருள் இதுதான். கோடு 43 வந்தவுடன் டிரைவர் தேடி இன்டர்நெட்டில் அலைகிறார்கள். யார் என்றே தெரியாத ஆளுக்கு எந்த டிரைவரைப் போடுவது? கோடு 43க்கு முதல் மருந்து வேறு வயர், இரண்டாவது வேறு போர்ட்டு.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கெர்னல் செய்தியை ஓடவிட்டுச் சொருகிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மைனஸ் 71 என்ற பிழை எண் வந்தால் பேச்சு குழறுகிறது, பெரும்பாலும் வயரோ சாக்கெட்டோ. மைனஸ் 110 வந்தால் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பிளேயர் உறைந்து கிடக்கிறது, அல்லது பேட்டரி செத்திருக்கிறது.

சில பிளேயர்களுக்குத் தனி வயர். பழைய ஐபாடுகளுக்கு 30 பின் அகல முனை. பல வருடம் வந்த சோனி வாக்மேன்களுக்கு 22 பின் உள்ள முனை; இரண்டும் பார்க்க ஒரே சாயல், ஒன்று மற்றதில் போகாது, அழுத்தினால் சாக்கெட்டு நாசம். இரண்டாம் தலைமுறை முதல் வந்த ஐபாட் ஷஃபிளுக்குத் தனி யூஎஸ்பி சாக்கெட்டே கிடையாது. ஹெட்போன் ஓட்டையிலேயே நாலு வளையம் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஜாக் வழியாகப் பாட்டும் கரண்டும் போகும். அந்த ஓட்டையில் அழுக்கு இருந்தால் பாட்டு ஒரு காதில் மட்டும் கேட்கும், கம்ப்யூட்டரிலும் வராது. இந்த இரண்டு புகாரும் சேர்ந்து வந்தால் காரணம் ஒன்றுதான்.

பஞ்சு

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்துப் பிளேயர்களுக்கு என்று ஒரு தனிச் சீக்கு உண்டு. பனியன் கம்பெனியிலும் தறிக் குடோனிலும் பறக்கும் பஞ்சு சட்டைப் பைக்குள் சேர்ந்து, அங்கிருந்து சாக்கெட்டுக்குள் போய், ஒவ்வொரு முறை வயரைச் சொருகும்போதும் இடித்து இடித்து அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாக்கெட்டு சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் வயர் முழுதாக உள்ளே போகாது. கரண்டு பின் கொஞ்சம் தொட்டாலும் சார்ஜ் ஏறிவிடும். டேட்டாவுக்கு அந்த அரைகுறைத் தொடர்பு போதாது. கண்டுபிடிக்க ஒரு சோதனை: வயரைச் சொருகியதும் அதன் உலோக மூக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, லேசாகத் தொட்டாலே கழன்று வந்தாலோ, அடியில் பஞ்சு.

பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியை பிளேடால் தட்டையாகச் சீவி, சாக்கெட்டின் பக்கச் சுவரோரமாக விட்டு மெல்லக் கிளறி எடுக்க வேண்டும். நடுவில் நாக்கு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் மேல் கை வைக்காதீர்கள். ஊக்கும் ஊசியும் கூடவே கூடாது. பின் வளைந்தால் 5 வோல்ட்டும் பக்கத்து டேட்டா கம்பியும் ஒட்டிக்கொள்ளும், அதோடு சிப் போய்விடும். பஞ்சு வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு பல்குச்சி நுனியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள். சானிட்டைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். கம்பெனியில் துணி மேல் பஞ்சை ஊதும் ஏர் கன் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கும், ஆசையாகவும் இருக்கும். அதன் அழுத்தத்துக்கு பஞ்சு வெளியே வராமல் இன்னும் உள்ளே போகும். கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் கூடச் சேர்ந்து சாக்கெட்டில் இறங்கும்.

வால்பாறை, நீலகிரிப் பக்கம் பஞ்சுக்குப் பதில் ஈரம். மழைக்காலம் முழுக்க மேசை டிராயரில் கிடந்த பிளேயரின் பின்களில் பச்சைப் பாசி மாதிரிப் பூத்திருக்கும். லேசாக இருந்தால் ஆல்கஹாலில் போகும். பின்னையே தின்றிருந்தால் சாக்கெட்டு மாற்ற வேண்டியதுதான்.

சாக்கெட்டு அசைகிறதா என்றும் பாருங்கள். மினி, மைக்ரோ சாக்கெட்டுகளில் ஐந்து பின். பலகையோடு அவற்றைப் பிடித்திருக்கும் ஈயம் மயிரிழை அளவில் விரிசல் விட்டால் வயரை ஒரு கோணத்தில் பிடிக்கும்போது வரும், விட்டால் போகும். பிளேயரைத் திறக்கத் தெரிந்தவர்கள் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு புரோபைக் கிரவுண்டிலும் கறுப்பை டி பிளஸ், டி மைனஸ் பின்களிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒன்றில் திறந்த சுற்று என்று காட்டினால் அங்கே ஈயம் விட்டிருக்கிறது: ஃப்ளக்ஸ் தடவி நுனி மெல்லிய சோல்டரிங் அயர்னால் ஒரு தொடு, வேலை முடிந்தது. பூஜ்யம் பக்கம் காட்டினால் ஷார்ட். பின்களுக்கு நடுவே சிந்திய ஈயமோ, உள்ளே செத்த சிப்போ. நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டிகளில் ஓடிய பிளேயர்களில் இப்படிச் செத்த சிப் அடிக்கடி வரும். லாரியில் இருப்பது 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் மலிவு சார்ஜரை அதில் சொருகினால் சில நாள் தாங்கும், பிறகு ஒரு நாள் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. லாரிக்கு வாங்கும்போது சார்ஜர் மேல் 12/24 என்று இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம்

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் முன்பக்க யூஎஸ்பியை நம்பாதீர்கள். மதர்போர்டிலிருந்து முன்பக்கம் வரை ஒரு நீள வயர் ஓடுகிறது. அது தரமில்லாமல் இருந்தால் மவுஸ் வேலை செய்யும், கீபோர்டு வேலை செய்யும், பிளேயர் மட்டும் வராது. மவுசுக்கு மெதுவான பேச்சு போதும், பிளேயருக்கு வேகம் வேண்டும். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் கறுப்பு நிறப் போர்ட்டில் நேராகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், யூஎஸ்பி 2.0வுக்கு மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீலப் போர்ட்டு யூஎஸ்பி 3.0. பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய பிளேயர்கள் சில நீலப் போர்ட்டில் முரண்டு பிடிக்கும். லேப்டாப்பில் எல்லாமே நீலமாக இருந்தால் நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 ஹப்பைப் போட்டால் அடங்கிவிடும். ஹப்பைத் தூக்கியெறியச் சொல்லும் அறிவுரைதான் எங்கும் கிடைக்கும். இந்த ஒரு இடத்தில் அதுவே மருந்து.

தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று முனை பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு உணர்வு வரும். பிளேயரின் உலோகப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சொருகினாலும் அதே சுருக்கு. அதோடு கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி விழும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகும், அல்லது யூஎஸ்பி மட்டும் விட்டுப் பிடிக்கும். பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படி அறுந்தால் பிளேயரின் கோப்பு அட்டவணை பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை சொருகினால் 'ஃபார்மேட் செய்யட்டுமா'. எர்த்தைச் சரிசெய்வது எலக்ட்ரீசியன் வேலை. அது முடியும்வரை பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் ஏற்றுங்கள்.

விண்டோஸ் 10, 11இல் ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக அது முழுதாக அணைவதில்லை. யூஎஸ்பி கோளாறுக்கு ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அணைத்து, பவர் கார்டையே பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

செத்த பேட்டரி

வருடக்கணக்கில் டிராயரில் கிடந்த பிளேயரை எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால், சுரம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். பிளேயர் எழுந்து உட்காரப் பார்க்கிறது, பேட்டரி வோல்டேஜை இழுத்துக் கீழே தள்ளுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. யூஎஸ்பி விதிப்படி, அடையாளம் சொல்லிக்கொள்ளும் முன் ஒரு சாதனம் 100 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சொல்லிய பிறகுதான் 500 வரை. மூச்சே இல்லாத பேட்டரிக்கு அந்த நூறு போதாது. 5 வோல்ட் சுவர் சார்ஜரில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு கம்ப்யூட்டருக்கு வாருங்கள். பிளேயரின் முதுகு உப்பியிருந்தாலோ திரை விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் நெருப்போடு விளையாட்டு.

உறைந்து நிற்கும் பிளேயருக்கு ரீசெட். சிலவற்றில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருக்கும். பலவற்றில் பவர் பட்டனைப் பதினைந்து இருபது நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ரீசெட் பாட்டை அழிக்காது. 'ஃபேக்டரி' என்ற சொல் திரையில் வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

சுரம் வருகிறது, டிரைவ் வரவில்லை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பிளேயரின் யூஎஸ்பி மோடு. இரண்டு வழியில் ஒரு பிளேயர் கம்ப்யூட்டரோடு பேசலாம். எம்எஸ்சி என்பது பென்டிரைவ் மாதிரி: டிரைவ் எழுத்தோடு வரும். எம்டிபி என்பது போன் மாதிரி: டிரைவ் எழுத்து இருக்காது, 'திஸ் பிசி'யில் பிளேயரின் பெயரில் ஒரு படம் வரும். சான்டிஸ்க் சான்சா வரிசைப் பிளேயர்களில் செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், யூஎஸ்பி மோடு என்று போனால் ஆட்டோ, எம்டிபி, எம்எஸ்சி என மூன்று இருக்கும். எம்எஸ்சியில் வையுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் கண்டுகொள்ளும் வழி அதுதான். ஒரு எச்சரிக்கை: பழைய சான்சாக்களில் எம்டிபியில் ஏற்றிய பாட்டு எம்எஸ்சியில் தெரியாது. "பாட்டெல்லாம் காணாமப் போச்சுங்க" என்று வெசனப்பட வேண்டாம். மோடை மாற்றிப் பார்த்தால் அங்கேயே இருக்கும்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கு எம்டிபி தானாகத் தெரியாது. ஓப்பன்எம்டிபி போன்ற தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸில் பெயரோடு 'என்' (N) என்ற எழுத்து சேர்ந்த பதிப்பு ஒன்று உண்டு. அதில் மீடியா பகுதிகள் இருக்காது என்பதால் எம்டிபியும் வராது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'மீடியா ஃபீச்சர் பேக்' ஏற்றினால் வரும். பழைய ஆண்ட்ராய்டு போனைப் பாட்டுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் திரைப் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'சார்ஜிங் ஒன்லி' என்பதை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' ஆக்க வேண்டும். விலை கூடிய ஹைரெஸ் (உயர்தர ஒலி) பிளேயர்களில் 'டாக்' (DAC) என்றொரு மோடு இருக்கும். அதில் வைத்தால் கம்ப்யூட்டர் பிளேயரை சவுண்டு கார்டாகப் பார்க்கும். கம்ப்யூட்டரின் பாட்டு பிளேயரில் கேட்கும், டிரைவ் வராது.

மோடு சரியாக இருந்தும் வரவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குள் போங்கள். 'வியூ'வில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய பதிவுகள் மங்கலாகத் தெரியும். 'போர்ட்டபிள் டிவைசஸ்', 'டிஸ்க் டிரைவ்ஸ்' இரண்டிலும் பிளேயர் பெயரில் இருப்பவற்றை அன்இன்ஸ்டால் செய்து, பிளேயரைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, திரும்பச் சொருகுங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு கோடு 10 அல்லது 28 வந்தால் அது உண்மையாகவே டிரைவர் கோளாறு. அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்று போய் 'எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரைவர் தருகிறேன் என்று கூகுளில் முதலில் வரும் மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். பிளேயருக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

எம்எஸ்சியில் இருந்தும் எழுத்து வராவிட்டால் அதே ரைட் கிளிக் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட். கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் டிரைவுகள் எழுத்துகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேயருக்கு ஏற்கெனவே எடுத்த எழுத்து விழுந்து, அது மறைந்துபோகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பிளேயரின் பட்டை மேல் ரைட் கிளிக் செய்து வேறு எழுத்து கொடுங்கள். நடுப் பக்கத்து எழுத்தாக, யாரும் எடுக்காத பி (P), க்யூ (Q) மாதிரி கொடுத்தால் மறுபடி மோதுவது குறையும்.

அங்கே 'ரா' (RAW, அதாவது அட்டவணையைப் படிக்க முடியவில்லை) என்று காட்டினாலோ திறக்கும்போது ஃபார்மேட் கேட்டாலோ, கேன்சல் கொடுங்கள். உள்ளே இருப்பது வேறெங்கும் கிடைக்காத பாட்டா என்று முதலில் யோசியுங்கள். சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். ஊர் நோம்பியில் போனில் பிடித்த கும்மிப்பாட்டும், தாத்தா பாடிய பதிவும் கிடைக்காது. அப்படி ஏதாவது இருந்தால் விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது அட்டவணையைச் சரிசெய்கிறேன் என்று உடைந்த துண்டுகளை வெட்டிப் போட்டுவிடும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயர் போட்டோ என்றாலும் எம்பி3யையும் மீட்டெடுக்கும். கோப்புப் பெயர் போய்விடும், பாட்டு வரும். மீட்பதை வேறு டிஸ்க்கில் எழுத வேண்டும், அதே பிளேயரில் அல்ல. பாட்டு கைக்கு வந்த பிறகு ஃபார்மேட்டை வைத்துக்கொள்ளலாம்.

ஃபார்மேட் செய்யும்போது பிளேயரிலேயே அதற்கான மெனு இருந்தால் அதில் செய்வதே நல்லது. கம்ப்யூட்டரில் என்றால் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மெமரி கார்டு போடும் பிளேயர்களில் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு எக்ஸ்ஃபேட்டில் வரும்; பழைய பிளேயருக்கு அது புரியாது. விண்டோஸின் சாதாரண ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்று காட்டவும் காட்டாது. ரூஃபஸ் மென்பொருளில் 'நான் பூட்டபிள்' வைத்து ஃபேட்32 கொடுத்தால் 64 ஜிபி கார்டும் பல பழைய பிளேயர்களில் ஓடும். 1, 2 ஜிபி உள்ள மிகப் பழைய பிளேயர்கள் ஃபேட்16. அதில் எந்த ஃபோல்டரும் இல்லாமல் வெளியிலேயே போடும் பாட்டுகளுக்கு மொத்தம் 512 வரிசைதான். நீளப் பெயர் ஒவ்வொரு 13 எழுத்துக் குறிக்கும் ஒரு வரிசை கூடுதலாகத் தின்னும். தமிழில் புள்ளியும் கொம்பும் தனிக்குறியாக எண்ணப்படுவதால் சீக்கிரம் தீரும். இடம் பாதி காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டது என்று சொன்னால் காரணம் இதுதான்: ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள்.

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு '16 ஜிபி' என்று விற்கும் பிளேயர்களில் உள்ளே இருப்பது சில சமயம் அதில் பாதிகூட இருக்காது. கம்ப்யூட்டரில் 16 என்றே காட்டும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பாட்டு ஏறியது போலவே தெரியும், ஆனால் ஓடாது, பிறகு அட்டவணையே சிதையும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள்.

ஐபாட் 2001இல் வந்து, 2022இல் ஆப்பிள் நிறுத்திய சரக்கு. இன்னும் வீடுகளில் நிறைய இருக்கிறது. சக்கரம் உள்ள மாடல்களில் மெனுவையும் நடுப் பட்டனையும் ஆப்பிள் படம் வரும்வரை பிடித்து, படம் வந்தவுடன் கையை மாற்றி நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்தால் டிஸ்க் மோடு வரும். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் கண்டுகொள்ளாத ஐபாடும் டிஸ்க் மோடில் பெரும்பாலும் டிரைவாக வந்துவிடும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ஐபாட் கண்ட்ரோல் ஃபோல்டரில் மியூசிக் திறந்தால் நாலெழுத்துப் பெயர்களில் பாட்டுகள் கிடக்கும். பெயர் புரியாது, ஆனால் பாட்டு விவரம் கோப்புக்குள் இருப்பதால் எந்த மென்பொருளில் போட்டாலும் பெயர் வந்துவிடும். மேக்கில் ஃபார்மேட் ஆன ஐபாடை விண்டோஸ் படிக்காது; அதைக் கெட்டுப்போனது என்று நினைத்து ரீஸ்டோர் கொடுப்பது பெரிய தவறு, எல்லாம் அழிந்துவிடும். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவோ அதற்குப் பிந்தைய இயங்குதளமோ என்றால் ஐட்யூன்ஸைத் தேடாதீர்கள், ஃபைண்டரின் ஓரப் பட்டியலில் இருக்கும். ஹார்டு டிஸ்க் உள்ள ஐபாட் டிக் டிக் என்று தட்டினால் மறுபடி மறுபடி சொருகிப் பார்க்காமல் அணைத்து வையுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் கம்ப்யூட்டரில் வராத வகையும் உண்டு. பென்டிரைவ் சொருகிப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டிகள், பக்திப் பாட்டு நிரப்பியே வரும் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் சின்ன ஓட்டை சார்ஜுக்கு மட்டும்; டேட்டா பின்னுக்கு உள்ளே இணைப்பே இருக்காது. அதிலிருக்கும் பெரிய யூஎஸ்பி ஓட்டை பென்டிரைவுக்காக, கம்ப்யூட்டருக்காக அல்ல. இருபுறமும் பெரிய முனை உள்ள வயரை வாங்கி இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் 5 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டு மோதும்.

கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், "பிளேயர் வேணுமுங்க" என்பதா "உள்ளே இருக்கிற பாட்டு வேணுமுங்க" என்பதா, இரண்டில் ஒன்றை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வேலை அதைப் பொறுத்தே மாறும். எந்தச் சுரம் கேட்டது, எந்தக் கோடு வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எந்த வயரில் சொருகிப் பார்த்தீர்களோ அந்த வயரையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.